நான் கால் வைக்காத இயந்திரம்

தம்பி,

நேற்றுக் காலை உன்னிடமிருந்து இரண்டு வந்து சேர்ந்தன. ஹேண்ட்போனில் உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி. வாசலில், கூரியர்க்காரன் கேட்டுக்குள் தள்ளிவிட்டுப் போன ஒரு பெட்டி. பெட்டியின் மேலே யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் பாதம், அதைச் சுற்றிச் சிவப்பாகச் சூடு பறக்கிற மாதிரி படம். அதைத் தூக்கி உள்ளே வைப்பதற்குள் ஹேண்ட்போனில் உன் குரல் செய்தி வந்துவிட்டது. "அம்மா, மெஷின் வந்துருச்சா? அதுல கால வச்ச மாதிரி நாலஞ்சு போட்டோ எடுத்து அனுப்புங்க. மொகம் தெரியணும். கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருந்தா நல்லா இருக்கும்லா." பத்திரிகையில் என் பெயரும், அமரர் என்ற சொல்லோடு உன் அப்பா பெயரும் தங்க எழுத்தில் இருந்தன. அதைப் பார்த்துக் கண் கலங்க வேண்டிய நேரத்தில் நான் அந்தப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனில் பேசினால் கத்திவிடுவேன். நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் தட்டச்சு செய்துகொண்டிருப்பாய். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும். அதனால் எழுதுகிறேன். வாழ்நாள் முழுக்கத் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியவள் நான். எழுத்தில் கோபப்பட எனக்குத் தெரியும். இதை நீ ஒளித்து வைத்துப் படிக்க வேண்டாம். உனக்கு மனைவியாக வரப்போகிறவளும் படிக்கட்டும், அவள் வீட்டாரும் படிக்கட்டும்.

உன் இணையதளம் எப்படித் தொடங்கியது என்று நினைவிருக்கிறதா? நான் ஓய்வு பெற்ற புதிது. நீ கோலாலம்பூரிலிருந்து வாரக் கடைசிக்கு நம் ஊர் பத்து காஜாவுக்கு வந்திருந்தாய். நான் புதிதாக வாங்கிய மாவு அரைக்கும் கிரைண்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்து நீ விழுந்து விழுந்து சிரித்து, "இத அப்படியே எழுதுங்கம்மா, நான் போடுறேன்" என்றாய். எழுதினேன். மாவு நன்றாக அரைபடுகிறது, மூடி மட்டம், கழுவும்போது தண்ணீர் மோட்டாருக்குள் போகிறது, தூக்க முடியாத கனம், இடுப்பு வலி உள்ளவர்கள் வாங்காதீர்கள். உள்ளதை உள்ளபடி எழுதினேன். நீ என் படத்தைப் போட்டு, 'ஓய்வு பெற்ற தமிழாசிரியை' என்று கீழே எழுதினாய். பீடோரிலிருந்து ஒரு பெண், தன் இடுப்புக்கு ஏற்ற கிரைண்டர் எது என்று கேட்டு எழுதினாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அப்போதே நீ அந்த அஃபிலியேட் லிங்க் பற்றியும் சொன்னாய். பக்கத்தில் இருக்கும் லிங்க்கை அமுக்கிப் போய் யாராவது பொருள் வாங்கினால் கடைக்காரன் உனக்குக் கமிஷன் தருவான் என்றாய். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கடைக்கு ஆள் அனுப்புகிறவனுக்குக் கடைக்காரர் ஏதாவது கொடுப்பது உலகத்தில் இல்லாததா? ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: வாங்குகிறவர்களுக்கு அதைச் சொல்லிவிடு. "போட்டுடலாம்மா" என்றாய். போட்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் அந்தத் தளத்தைத் திறந்து பார்க்கவே இல்லை. கோயிலில் யாராவது "டீச்சர், ஒங்க பக்கத்தப் பாத்தோம்" என்றால், கிரைண்டரைத்தான் சொல்கிறார்கள் என்று சிரித்துவிட்டு வந்துவிடுவேன்.

போன தீபாவளிக்கு நீ வந்தபோது உன் முகம் செத்துப்போயிருந்தது. முறுக்குச் சட்டி அடுப்பில் இருக்கும்போதே மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்துவிட்டாய். தேடுபொறி உன் தளத்தைக் கீழே தள்ளிவிட்டதாம். கால் எரிச்சல், கால் மரத்துப்போகிறது என்று யாராவது தேடினால் முதலில் வந்துகொண்டிருந்த உன் பக்கம் இப்போது எங்கேயோ போய்க் கிடக்கிறதாம். பிள்ளை வாடுகிறதே என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து காரணம் கேட்டேன். நீதான் விளக்கினாய். காசு வருகிற லிங்க்கைக் காசு வராத லிங்க் மாதிரி காட்டினால் தேடுபொறிக்குப் பிடிக்காது, கண்டுபிடித்தால் தண்டித்துவிடும் என்றாய். சாயங்காலத்துக்குள் சரிசெய்தும் விட்டாய். ஒவ்வொரு லிங்க்கிலும் 'இது விளம்பரம்' என்று பொருள்படுகிற ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டதாகச் சொல்லி, கை நிறைய முறுக்கை அள்ளிக்கொண்டாய்.

"அப்ப வாங்குறவங்களுக்கும் தெரிஞ்சுரும். நல்லதுதான்" என்றேன்.

"அவங்களுக்குத் தெரியாதும்மா. அது உள்ள, கம்ப்யூட்டர் கோட்ல இருக்கு. சர்ச் எஞ்சின் மட்டுந்தான் படிக்கும்" என்று சிரித்தாய்.

நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் எனக்கு என்ன விளங்கியது? அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, எழுந்து போய்விட்டேன்.

பக்கத்து வீட்டு வீரய்யா அண்ணனை உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கம்பி வேலிதான். நாங்கள் குடியிருந்த எஸ்டேட் தோட்டத்தை விற்று எல்லாரையும் கிளப்பியபோது இந்தத் தாமான் குடியிருப்புக்கு ஒன்றாக வந்தவர்கள் நாங்கள். செம்பனைக் காய் ஏற்றுகிற லோரி ஓட்டியவர். உன் அப்பா போன பிறகு, மழை நாளில் உன்னைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவர். என்னைப் போலவே அவருக்கும் இனிப்பு நீர் வியாதி, சர்க்கரைதான். எனக்குக் கால் இன்னும் தப்பித்திருக்கிறது. அவருக்குப் பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடந்துகொண்டே போவார். அவர் மனைவி பார்வதி அக்கா பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சூடு வைத்துக் கால் பிடித்துவிடும் இயந்திரம் ஒன்றை வாங்கியிருக்கிறார். டிவி பார்த்துக்கொண்டே காலை அதற்குள் வைத்திருக்கிறார். சூடு ஏறியது அவருக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? கொப்புளம் வந்ததும் தெரியவில்லை. அது புண்ணாகி, சீழ் பிடித்து, பார்வதி அக்காவுக்கு வாடை தெரிந்த பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தவர், என்னைப் பார்த்ததும் ஏதோ தப்புச் செய்த பள்ளிப் பிள்ளை மாதிரி வெட்கப்பட்டார்.

"டீச்சர், நீங்க தெனம் அந்த மெஷின்தான் போடுறீங்கன்னு ஒங்க பக்கத்துல இருந்துச்சு. ஒங்களுக்கும் எனக்கு இருக்கிற வியாதிதானே, ஒங்களுக்கு ஏன் ஒன்னும் ஆகல? நான்தான் சூட்ட கூட வச்சிட்டேனோ?"

தம்பி, அந்த மெஷினை நான் கண்ணால் பார்த்ததே இல்லை என்று சொல்லாமல், ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்தேன். என் பெயரில் அப்படி ஒரு பக்கம் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பார்வதி அக்காதான் அவரைக் கடிந்துகொண்டார், வாங்குவதற்கு முன்னால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று டீச்சரை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று. அதற்கு அவர் சொன்னதைக் கேள். "அவங்க எழுதியே போட்டுட்டாங்க. அதுக்கு மேலயும் போய்க் கேட்டா டீச்சர நம்பாத மாதிரி ஆயிடும்லா." மரியாதைக்குப் பயந்து கேட்காமல் இருந்திருக்கிறார். வேறு எந்த ஊர் மனிதனாவது இப்படி ஒரு காரணத்துக்காக வாயை மூடிக்கொண்டிருப்பானா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஆட்கள் இருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உன் தளத்தை ஒரு மூலை விடாமல் படித்தேன். சீ! எதையெல்லாம் சொல்வது? நான் தினமும் காலையில் ஓடுகிற இயந்திரத்தில் ஓடுகிறேனாம். இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிற நான். என் பேரப்பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஒரே மாதிரிப் பால் பாட்டில்தான் வாங்குவேனாம். உனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் பேரப்பிள்ளைகளைப் பெற்று எண்ணிக்கையும் போட்டுவிட்டாய். மொழியாவது உருப்படியாக இருக்கிறதா? 'இந்த அற்புதமான தயாரிப்பு உங்கள் பாதங்களுக்கு ஒரு வரப்பிரசாதம்' என்று நான் சொன்னேனாம். என் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்தால் நானே என்னைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியிருப்பேன். எந்த இயந்திரத்தைக் கொண்டு இதையெல்லாம் எழுதினாயோ தெரியாது. ஒவ்வொன்றின் கீழும் என் படம், கிரைண்டருக்காக எடுத்த அதே படம், அதே சிரிப்பு. கடைசியில் அந்தக் கால் இயந்திரம் வந்தது. 'எனக்கும் இனிப்பு நீர் உண்டு. மரத்துப்போன என் பாதங்களுக்கு உயிர் கொடுத்தது இதுதான்.' அதன் கீழே வாங்குவதற்கு ஒரு பொத்தான். காசு உனக்கு வருகிறது என்று ஓரிடத்திலும் ஒரு சொல் இல்லை.

அப்போதுதான் தீபாவளியன்று நீ சொன்னது எனக்கு விளங்கியது. இது விளம்பரம் என்று நீ தேடுபொறிக்கு மட்டும் சொல்லியிருக்கிறாய். கண்ணும் காதும் இல்லாத அந்தச் சாமானுக்கு உண்மையைப் பயபக்தியோடு ஒப்பித்துவிட்டு, கண் திறந்து படிக்கிற மனிதனுக்கு மறைத்துவிட்டாய். ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். அது தண்டிக்கும். வீரய்யா அண்ணன் தண்டிக்கமாட்டார். வேறு காரணம் இருந்தால் சொல், கேட்டுக்கொள்கிறேன். ஒருவன் பொய் சொன்னால் கோபம்தான் வரும். உண்மை எது, அதை யாருக்குச் சொல்ல வேண்டும், எங்கே எழுத வேண்டும் என்பதெல்லாம் நன்றாகத் தெரிந்துகொண்டு அதை ஆள் பார்த்துப் பரிமாறுகிறவனைப் பார்த்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அவன் என் வயிற்றில் பிறந்தவன் என்பது இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டு விரல்கள் போன கதையைச் சொன்னேன். நீ அதிர்ந்துதான் போனாய், நான் பொய் சொல்லக் கூடாது. பிறகு அந்த இயந்திரத்தோடு வரும் குறிப்பில் இனிப்பு நீர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்க வேண்டும் என்று போட்டிருக்கிறதே என்றாய். அந்தப் பக்கத்தைத் தூக்கிவிடு என்றேன். அதில்தான் அதிகம் பேர் வருகிறார்கள், கல்யாணம் முடியட்டும், பார்க்கிறேன் என்றாய். நீ பார்த்த லட்சணத்தையும் பார்த்தேன். பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், பூதக்கண்ணாடிக்கும் எட்டாத எழுத்தில் 'மருத்துவரை ஆலோசிக்கவும்' என்று ஒரு வரி. மேலே நான் சிரித்துக்கொண்டே இருக்கிறேன்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உன்னைப் பற்றி விசாரிக்க கமுந்திங்கிலிருந்து பெண்ணின் அப்பா வந்தாரே, அவர் முதலில் நம் வீட்டுக்கு வரவில்லை. வரமாட்டார்கள். பெற்றவளிடம் போய்ப் பையன் எப்படி என்று யாரும் கேட்பதில்லை. அவள் நல்லவன் என்றுதான் சொல்வாள், அது எல்லாருக்கும் தெரியும், அதனால் அவள் பேச்சுக்கு அந்த இடத்தில் மதிப்பில்லை. பக்கத்து வீட்டில்தான் கேட்பார்கள். அவர் ஓட்டி வந்த காடியை வீரய்யா அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தினார். கையில் பழக்கூடையும் பிஸ்கட் டின்னும் இருந்தன. அண்ணன் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கட்டுக்காலை முக்காலி மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். பேசுவதற்கு முன்னால் பார்வதி அக்காவைக் கூப்பிட்டு, கூடையையும் டின்னையும் கொண்டுபோய் வந்தவர் காடியிலேயே வைக்கச் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்காக ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல் கொடுக்கும்போது எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு பழம்கூட வாங்கக் கூடாது. எங்கள் வழக்கம் அது, நீயும் அறிவாய். அக்கா இதை வேலியோரம் நின்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார், நோயாளிக்கு என்று கொண்டுவந்த பழத்தைக்கூட இந்த மனுஷன் தொடவில்லை என்று. அதன் பிறகு அண்ணன் பெண்ணின் அப்பாவிடம் என்ன சொன்னாராம் தெரியுமா? "நம்ம கண்ணு முன்னால வளந்த பையன். பொய் சொல்லமாட்டான். நம்பிக் குடுக்கலாம்." அந்தச் சொல்லை வைத்துத்தான் உன் பத்திரிகை எழுதப்பட்டிருக்கிறது.

நேற்று அந்தப் பெட்டி வந்தது. உன் பக்கம் மறுபடி ஒரு படி இறங்கிவிட்டதாம், நிஜமாகப் பயன்படுத்திய அனுபவம் இருந்தால்தான் தேடுபொறி மேலே ஏற்றுமாம், அதனால் படம் வேண்டுமாம். எல்லாவற்றையும் அந்தக் குரல் செய்தியிலேயே சொன்னாய். ஒன்றைக் கேட்கிறேன். அந்த இயந்திரம் ஒரு மனிதனின் காலை என்ன செய்தது என்று தெரிந்துகொண்டே, அதே வியாதி உள்ள உன் அம்மா காலை அதில் வைக்கச் சொன்னாயே. என் காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டாயா? முகம் தெரியணும் என்று மட்டும் கேட்டாய்.

பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் சொல்லாததை அங்கே சொன்னேன். இந்த இயந்திரத்தில் நான் ஒரு நாளும் கால் வைத்ததில்லை, அந்தப் பக்கத்தில் இருப்பது நான் எழுதியதில்லை, நீங்கள் வாங்கியதில் என் மகனுக்குக் கமிஷன் வந்தது என்றேன். பார்வதி அக்கா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் காலைப் பற்றி அவர் ஒன்றுமே பேசவில்லை.

"பொய் சொல்லமாட்டான்னு நான் கமுந்திங்காரருகிட்ட சொல்லிட்டேனே டீச்சர்" என்றார். "அந்த மனுஷன் என் பேச்ச நம்பித்தான் எந்திரிச்சுப் போனாரு. இப்ப நான் போன் அடிச்சு அந்தச் சொல்ல திருப்பி வாங்கணுமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க."

"நான் பெத்தவ அண்ணே. இதுல என் பேச்சு செல்லாது" என்றேன். வேறு என்ன சொல்ல? எழுந்து வந்துவிட்டேன்.

அதனால் தம்பி, பதில் நீதான் சொல்ல வேண்டும். பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்காதே. இந்தச் சனிக்கிழமை கிளம்பி வா. நம் வீட்டுக் கேட்டைத் திறக்காதே. முதலில் பக்கத்து வீட்டுக்குப் போய், அந்த முக்காலிக்கு எதிரே உட்கார்ந்து, செய்ததை உன் வாயால் சொல். சாம்பல் எழுத்தில் சொல்லாதே, அவருக்குக் கேட்கிற மாதிரி சொல். பிறகு அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டு அவரிடமும் சொல். அவர் பெண்ணைக் கொடுப்பாரா மாட்டாரா என்பது எனக்குத் தெரியாது. கொடுத்தால், உன்னைத் தெரிந்துகொண்டு கொடுத்ததாக இருக்கட்டும். கொடுக்கவில்லை என்றால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் வீரய்யா அண்ணன் சொன்ன சொல்லைப் பொய்யாக்கி நடக்கிற ஒரு கல்யாணத்தில் நான் அட்சதை தூவ மாட்டேன்.

இன்னொன்று. என் படம் இருக்கிற பக்கங்களையெல்லாம் எடுத்துவிடு. கிரைண்டர் பக்கம் இருக்கட்டும், அது நான் எழுதியது. அதில் உனக்குக் கமிஷன் வருகிறது என்று கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில், மேலேயே போடு. அந்தக் கால் இயந்திரத்தின் பக்கத்தை மட்டும் அழிக்காதே. அதைத் தேடி இன்னும் எத்தனையோ மரத்துப்போன கால்கள் வருகின்றன. அங்கே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு, வாங்குகிற பொத்தானை எடுத்துவிட்டு, இந்தக் கடிதத்தைப் போடு. அண்ணன் பெயரை மாற்றிக்கொள், அவரிடம் சம்மதமும் கேள். நிஜமான அனுபவம் இருந்தால்தான் மேலே ஏற்றும் என்றாயே. இது நிஜமான அனுபவம்தான். ஏற்றுகிறதா என்று பார்ப்போம்.

நீ கேட்ட படத்தையும் அனுப்பியிருக்கிறேன், இன்று காலை பார்வதி அக்கா எடுத்தது. நான் அவர்கள் வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். என் இரண்டு காலும் தரையில் இருக்கின்றன. பக்கத்தில் உன் பெட்டி, ஒட்டிய டேப் பிரியாமல் அப்படியே இருக்கிறது. முகம் நன்றாகத் தெரிகிறது. சிரிக்கத்தான் முடியவில்லை.

அம்மா